போடாத பதினாறு மாத்திரைகள்

இருந்தவர்கள்: அண்ணி. அவள் கணவன், அதாவது என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அண்ணியின் கூடப்பிறந்தவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான்.

1

இந்தக் கதை எனக்கு ஒரு மாத்திரை அட்டையிலிருந்து கிடைத்தது. (கிடைத்தது என்று சொல்வது மரியாதைக்கு. மாஸ்டர் வந்த அன்று காலை, அண்ணன் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்து நானே எடுத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இரவு வேலை பார்த்து, பாதியில் விட்டவனுக்கு இந்தப் பழக்கம் மட்டும் மிச்சம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அண்ணியின் இதயத்துக்குள் ஒரு சின்னக் கம்பிவலை, பூவைப் போல..." வேண்டாம். பூ எல்லாம் இல்லை. நாலு மாதத்துக்கு முன் அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருடம் தினமும் ஆஸ்பிரின் ஒன்று, குளோபிடோக்ரெல் ஒன்று. ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார்கள்.

ரத்தத்தை நீர்த்துப்போக வைக்கும் மாத்திரை என்று இவற்றைச் சொல்வார்கள். ரத்தம் நீர்ப்பதில்லை. அதிலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன, அவ்வளவுதான். அதனால் ஸ்டென்டில் ரத்தம் கட்டாது. அதனாலேயே கை எங்கே இடித்தாலும் கன்றிப்போகும். அண்ணி சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டைகளை வண்டியில் ஏற்றுபவள். இரண்டு கையிலும் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

கூட வேலை செய்பவள் ஒருத்தி அதைப் பார்த்து மாஸ்டருக்குப் போன் செய்தாள். மாஸ்டர் என் அண்ணனுக்குப் போன் செய்தார்.

"என் தங்கச்சி மேல இனி ஒரு அடி விழட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

அண்ணன் பதில் சொல்லவில்லை. (பாத்திரமாக இவன் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. வாயைத் திறக்காதவனை எழுதினால், நல்லவனாக இருந்தாலும் கெட்டவனாக இருந்தாலும் அதே வரிகள்தான் வருகின்றன.)

2

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"கைய நீட்டு."

"எதுக்குண்ணே?"

"நீட்டுன்னா நீட்டு."

நீட்டினாள். திட்டுகள் மஞ்சளாக வெளிறியிருந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை.

"பாத்தியாண்ணே? எல்லாம் மறைஞ்சு போச்சு. மாத்திரையாலன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"மாத்திரைய இப்பவும் போடறியா?"

"போடறேனே."

"நான் மாப்ளைக்குப் போன் பண்ணி பதினாறு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் இல்ல. மாத்திரை அதேதான். அப்ப மாறினது எது? நீங்களே சொல்லுங்க மாப்ள."

அண்ணன் தரையைப் பார்த்தான்.

[இந்த இடத்தில் "அறையில் மௌனம் கனத்தது" என்று இருந்தது. எடுத்துவிட்டேன். அது எல்லார் கதையிலும்தான் கனக்கிறது.]

நான் அலமாரியிலிருந்து அட்டைகளைக் கொண்டுவந்து போட்டேன். ஆஸ்பிரின் கணக்கு சரி. குளோபிடோக்ரெல் மட்டும் பதினாறு அதிகமாக இருந்தது.

"இதை ஏன் நிறுத்தினீங்க, அண்ணி?"

"நீ சும்மா இரு."

"ஸ்டென்ட் அடைச்சுக்கும். செத்துப் போயிடுவீங்க."

"அதுக்காக இவர் பொண்டாட்டிய அடிக்கிறவர்னு பேர் வாங்கணுமா? அண்ணே வந்து திட்டில்லாத கையப் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு நினைச்சேன். போதுமா?"

மாஸ்டரின் கால் நின்றுவிட்டது. அண்ணன் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"உனக்கென்ன பைத்தியமாடி?"

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உடனே போடச் சொன்னார்கள். மறுநாள் காலையில் நேரில் வரச் சொன்னார்கள். எல்லோரும் பார்க்க அண்ணி விழுங்கினாள்.

3

இரண்டு வரைவுகளில் இங்கேயே முடித்தேன். மருந்து குற்றவாளி, கணவன் நிரபராதி, மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார். படிக்க நன்றாக இருந்தது.

ஆனால் மாஸ்டர் அவள் கையை விடவில்லை. முழங்கைக்கு மேலே உட்பக்கத்தில் நாலு தடங்கள் வரிசையாக இருந்தன. மங்கல்தான்.

"மூட்டைக்கு விரல் இருக்குமா?"

"படியில வழுக்கிட்டேன். அவர்தான் பிடிச்சார். இல்லன்னா மண்டை உடைஞ்சிருக்கும்."

இருக்கலாம். இந்த மாத்திரை போடுகிறவரைக் காப்பாற்றப் பிடித்தாலும் தடம் விழும், இழுத்துத் தள்ளப் பிடித்தாலும் விழும். தோலைப் பார்த்து எதுவென்று சொல்ல எனக்குத் தெரியாது. [நான் அப்போது படியில் நின்றிருந்ததாக ஒரு வரி எழுதினேன். நிற்கவில்லை.]

"என்கூட வா," என்றார் மாஸ்டர். "ஒரு மாசம் இரு. மாத்திரைய ஒழுங்காப் போடு. என் வீட்டுலயும் இப்படிக் கன்றினா, நானே வந்து மாப்ள கால்ல விழறேன்."

"என் வீட்டுல இருக்க நான் பரீட்சை எழுதணுமாண்ணே? கிளம்பு. டேய், நீயும்தான். பெரிய அட்டை எண்ண வந்துட்டான்."

அவளை மாஸ்டரோடு அனுப்பி ஒரு முடிவு எழுதினேன். அதில் நான் நியாயமானவன். அனுப்பாமல் இன்னொன்று எழுதினேன். அதில் நான் நல்ல தம்பி. இரண்டிலும் அவளைவிட என்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆகவே முடிவு உங்களிடம். என்னைப் போலவே நீங்களும் பார்க்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நானும் மாஸ்டரும் வெளியே வந்து நின்றோம்.

"தம்பி, உன் அண்ணனப் பத்தி உனக்குத் தெரியாதா? நீ சொல்லு, நான் போயிடறேன்."

நான் வாயெடுப்பதற்குள் அண்ணி எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு முறை திரும்பியது. அண்ணன் உள்ளேதான் இருந்தான்.