தேயாத பக்கம்

படகு வேலை என்றால் மட்டும் அண்ணனுக்கு என் ஞாபகம் வந்துவிடும். "ரப்பர் பட்டை மாத்தணும். ஒருத்தர் இழுத்துப் பிடிக்கணும், ஒருத்தர் திருகணும். உன்னை விட்டா எனக்கு யாரு?" என்று போனில் தேன் தடவிப் பேசினான். நானும் மசிந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தேன். வேலையை முடித்துவிட்டு அதே படகில் ஏரியைக் கடந்து அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். நான் வருவதை அம்மாவிடம் சொல்லவில்லை. திடீரென்று வாசலில் போய் நிற்கலாம் என்றிருந்தேன்.

அம்மா அக்கரையில் தனியாக இருக்கிறாள். அப்பா இறந்துபோனபோது அவளை என்னோடு கூட்டிப் போகிறேன் என்றேன். அண்ணன்தான் குறுக்கே விழுந்தான். "நான் வாராவாரம் போய்ப் பாத்துக்கறேன். அம்மாவை எதுக்கு நாலு சுவத்துக்குள்ள அடைக்கிறே?" அம்மாவும் அவன் பக்கம் சாய்ந்தாள். அவள் என்றைக்கு என் பக்கம் சாய்ந்தாள்! மூன்று வருஷமாக ஞாயிறு மதியமானால் போன் செய்து, அண்ணன் வந்தான், சாப்பிட்டான், போனான் என்று காது புளிக்கச் சொல்வாள். "அவனுக்கும்தான் வேலை இருக்கு. வர்றதுக்கு ஒரு மனசு வேணும்ல" என்று கடைசியில் ஒரு குத்து வைப்பாள். போனை வைத்ததும் நான் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுவேன். பாவம், அவருக்குக் காரணமே தெரியாது.

படகை வண்டியோடு இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தியிருந்தான். படகின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேருகிற இணைப்பை மறைத்துக்கொண்டு, விளிம்பைச் சுற்றி ஓடுவதுதான் இந்த ரப்பர். கரையில் மோதும்போது படகு வாங்க வேண்டிய அடியையெல்லாம் இதுதான் வாங்கிக்கொள்ளும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

இடப்பக்கத்து ரப்பர் நாய் கடித்துப் போட்ட செருப்பு மாதிரி இருந்தது. ஸ்க்ரூக்கள் துருவேறி, தலை மழுங்கி, கழல மாட்டேன் என்று அடம் பிடித்தன. ஒருவழியாகப் பிடுங்கிவிட்டு, துளைகளைப் பசை வைத்து அடைத்தோம். புது ரப்பரை வெந்நீர் அண்டாவில் போட்டு, இளகியதும் நான் தூக்கிப் பிடிக்க அவன் திருகினான்.

"ரொம்ப இழுக்காதே. ஆறினதும் சுருங்கிக்கும்."

"இழுக்கக் கூப்பிட்டுட்டு இழுக்காதேங்கறே."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவனை எனக்குப் பிடிக்கும், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வலப்பக்கம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. ரப்பர் கடையில் வாங்கிய மேனிக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. வெயிலில் கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர, ஒரு கீறல் கிடையாது. அப்பா போன மறுமாதம் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாட்டியது. அன்றைக்கும் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

எங்கள் துறையில் படகு எப்போதும் இடப்பக்கமாக அணையும். அம்மா வீட்டுப் படித்துறையில் அப்படி முடியாது. ஒரு பாறை வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால் படகைத் திருப்ப இடமில்லை. வலப்பக்கம்தான் படியில் உரசும். அதுவும் கொத்தி விட்ட கருங்கல் படி. வாராவாரம் அதில் உரசிய ரப்பர் இந்நேரம் நார்நாராய்க் கிழிந்திருக்க வேண்டும்.

"அண்ணா, இது தேயவே இல்லையே?"

"அங்க டயர் கட்டி வெச்சிருக்கேன்." முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"எப்போ கட்டினே?"

"அப்பவே. சும்மா தொணதொணக்காம ஸ்க்ரூவைக் கழட்டு."

நம்பத்தான் பார்த்தேன். அது பொய்யென்றால், அம்மா மூன்று வருஷமாக யாருக்குச் சோறு போட்டாள் என்று கேட்க வேண்டிவரும். கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

என் போன் அடித்தது. அம்மாதான். கையெல்லாம் பசை. சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"சாப்டியாடி?"

"இன்னும் இல்லம்மா. நீ?"

"இப்பத்தான் ஆச்சு. உங்கண்ணன் வந்திருந்தான். மீன் வறுத்தேன், ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இப்பத்தான் கிளம்பிப் போறான், படகுச் சத்தம்கூடக் கேக்குது."

அண்ணன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக என் எதிரே நின்றான்.

"அண்ணன் நல்லா இருக்கானாம்மா?"

"எங்கே! இளைச்சுத் துரும்பாயிட்டான். அவ்வளவு வேலையிலயும் வர்றான் பாரு. நீயும் இருக்கியே, ஒரு எட்டு வந்து பாக்கத் தோணுதா? போகட்டும். அவன் இருக்கிறவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல."

தொப்பை பெல்ட்டுக்கு வெளியே வழிய, துரும்பு தலையைக் குனிந்துகொண்டது.

"சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

"நான் சொல்லச் சொல்லல" என்றான் அண்ணன். "அம்மாவாத்தான் சொல்றாங்க. முதல்ல ஒரு வாரம் போக முடியல. நீ சண்டைக்கு வருவேன்னு, வந்தான்னு சொல்லி வெச்சாங்க. அப்புறம்..."

"அப்புறம் உனக்கு வசதியாப் போச்சு."

அவனை அந்த வெந்நீர் அண்டாவில் முக்க வேண்டும் போலிருந்தது. அம்மாவையும்தான். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வராதவன் எத்தனை தரம் கேட்டு வாங்கினான் என்று யோசித்துவைத்து எனக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் மானத்தைக் காப்பாற்ற, வாராவாரம் என்னைக் குத்தியிருக்கிறாள். கூப்பிட்டபோதே என்னோடு வந்திருக்கலாம். வந்தால் பிள்ளை கைவிட்டான் என்று ஆகிவிடுமே! அழுகை வந்தது. பசைக் கையால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

"சரி விடு" என்றான். "முதல்ல இதை முடிச்சிடுவோம். ரப்பர் ஊறிட்டே இருக்கு."

"இந்தப் பக்கம் மாத்த வேண்டாம். முதல்ல தேயட்டும். படகை இறக்கு."

"இப்பவா? பசை காய வேண்டாமா?"

"அது இடப்பக்கம். அங்க உரசாது."

வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். தள்ளாமல் நின்றான்.

"இப்பப் போய் நின்னா அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"என்ன சொல்றது? இப்பத்தானே கிளம்பினே. எதையோ மறந்து வெச்சுட்டேன்னு சொல்லு."