வரவழைத்த வலி

பிரசவ வார்டுக்குள் நுழையப்போன தர்மேந்திரனைக் கலாதேவி சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“அழுத மூஞ்சியோட உள்ள போவியா? உன் அக்காவுக்குத் தெரிஞ்சா தாயும் புள்ளையும் தங்காதுடா!”

“செத்தது உங்க சொந்தத் தம்பிலா. எப்படி அழாம இருக்கீங்க?”

விடிகாலையில் கமுந்திங் பேக்டரியிலிருந்து ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பிய தனேஸ்வரன், லோரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான். சேதி வந்த கையோடு அவன் மனைவி புஷ்பலதாவின் போனும் வந்தது. “பிரஷர் ஏறிருச்சு அண்ணி. ஆஸ்பத்திரியில இருக்கேன். வலி வர மருந்து வைக்கிறாங்க.”

“சாயங்காலம் தைப்பிங் ஆஸ்பத்திரியில பாடியைக் குடுத்துருவாங்களாம். நாளைக்குக் காலையில எடுக்கிறோம்” என்றான் தர்மேந்திரன்.

“புள்ள பொறக்கட்டும். நானே சொல்லிக்கிறேன். நீ கெளம்பு.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். புருஷன் எங்கே என்று புஷ்பலதா கேட்கவில்லை. கலாதேவியே முந்திக்கொண்டாள்.

“தனேசுக்கு ஓவர்டைம்லா. வந்துருவான்.”

“வராட்டி நர்ஸ் மிஸிங்களுக்கு நிம்மதி. மூத்தவ பொறந்தப்ப மயக்கம் போட்டு விழுந்து, என்னை விட்டுட்டு அவரையில்ல தூக்கினாங்க!”

கலாதேவிக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே வந்த அழுகையை மறைக்க, இருமுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

மூத்தவளின்போது வலி தானாக வந்தது. மூச்சுவிட இடம் கொடுத்து, மறுபடி வந்தது. இது மருந்தின் வலி. ஒன்று அடங்குமுன் அடுத்தது இடுப்பைப் பிளந்தது. புஷ்பலதா கட்டில் கம்பியைக் கடித்தாள். ஆனாலும் மிஸி வரும்போதெல்லாம் டிரிப்பைக் காட்டி, “இன்னும் கூட்டுங்க மிஸி” என்று கெஞ்சினாள்.

“பைத்தியமாடி? தாங்க மாட்டே!”

“தாங்குவேன் அண்ணி. சீக்கிரம் பொறக்கணும்.”

மதியத்துக்கு மேல் ஆண் குழந்தை பிறந்தது. அழுதது. தனேஸ்வரனின் அதே மூக்கு. மார்பில் வைத்த பிள்ளையைப் புஷ்பலதா ஒரு தடவை முத்தமிட்டுக் கலாதேவியிடம் நீட்டினாள். கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

“படுடி! எங்க போறே?”

“தைப்பிங்குக்கு. வண்டி சொல்லுங்க.”

“லதா... உனக்கு யாரு சொன்னா?”

“காலையில அவருக்குப் போன் போட்டேன். போலீஸ்காரர்தான் எடுத்தாரு.”

“தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்... உனக்குப் பிரஷர்னு...”

“பிரஷரெல்லாம் இல்ல அண்ணி. வயித்துல புள்ளையோட இருந்தா அவர் முகத்தை நீங்க யாரும் பாக்க விடமாட்டீங்க. அதான் டாக்டர் காலைப் பிடிச்சு நானே மருந்து வைக்கச் சொன்னேன்.”