அதற்கு முந்தின படம்

1

இந்தக் கதை தக்கலையில் ஒரு கலர் லேப்பில் எனக்குக் கிடைத்தது. பாஸ்போர்ட் படத்துக்காகப் போயிருந்தேன். ஜெஸ்மி ஏதோ அச்செடுக்க வந்திருந்தாள். என் தங்கை மகன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவள். அச்சு வெளியே வந்ததும் சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்து வைத்த எதையும் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை நான்.

"யாருக்க படம்?"

"உங்களுக்கு வேண்டாம் அண்ணே. நீங்க எழுதிருவிய."

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று கடல் சீற்றமாக" — இல்லை. எங்கள் மாவட்டத்தில் கதை எழுதுகிறவன் கடலைச் சீறவிட்டால், கதையைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்துவிட்டான் என்று பொருள்.

அடுத்தது: "தலைவர்களின் முகங்களை ஜெஸ்மி அளவுக்கு அறிந்தவர்கள்" — இதுவும் வேண்டாம். அவளை ஞானியாக்கிவிடும். அவள் ஞானி இல்லை. பயப்படுகிறவள், பொய் சொல்லத் தெரிந்தவள்.

நேரடியாகவே சொல்கிறேன். ஜெஸ்மி குலசேகரத்துக்காரி. எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. கேமராவை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களுக்கு எடுத்துக்கொடுப்பாள். கல்யாணம், சபை ஆண்டுவிழா, கோயில் கொடை, எல்லாக் கட்சிக் கூட்டமும். காலையில் ஒரு கட்சி சாலையைத் திறந்துவைக்கும். மாலையில் அதே சாலை சரியில்லை என்று இன்னொரு கட்சி மறியல் செய்யும். "ரெண்டுக்கும் ஒரே சுடிதார்தான் அண்ணே" என்பாள்.

(ஒரு துக்க வீட்டில் ஒரு பெண் தலைவர் அழுதுகொண்டே இவள் பக்கம் சாய்ந்து, "கண்ணீரு விழுந்துச்சா, பாத்தியா?" என்று கேட்டாராம். கதையோடு சம்பந்தம் இல்லை. விடவும் மனமில்லை.)

3

நடந்தது இதுதான்.

கடற்கரை ஊர் ஒன்றில் தூண்டில் வளைவுக்குக் கல் நாட்டு விழா. கரையைக் கடல் தின்னாமலிருக்க உள்ளே நீட்டிப் போடும் பாறைச் சுவர் அது. கல் நாட்டியவர் எம்.எல்.ஏ. கோலப்பன்.*

*பெயர் நான் வைத்தது. கட்சி எது என்று கேட்காதீர்கள். எதைப் போட்டுப் பார்த்தாலும் பொருந்துகிறது, அதுதான் என் தொல்லை.

அவர் கொத்துக்கரண்டியை எடுத்த நேரத்தில் பெண்கள் நடுவிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள். சகாயசெல்வி. போன மழையில் அவள் வீட்டின் பின்பாதியைக் கடல் கொண்டுபோயிருந்தது.

"சாரே, உங்களுக்கு முந்தின ஆளும் இதே எடத்துல கல்லு நாட்டினாரு. கல்லு அன்னா கெடக்கு. எனக்க அடுக்களை எங்கன கெடக்குன்னு காட்டித் தருவியளா?"

கூட்டம் சிரித்தது. கோலப்பனும் சிரித்தார். சிரித்தபடியே அவள் தோளில் கைவைத்துத் தள்ளினார். அவள் பின்னால் சாய்ந்தாள், பின்னால் கல் நாட்டத் தோண்டிய குழி. அப்போதுதான் அவர் ஜெஸ்மியின் கேமராவைப் பார்த்தார். அதே கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கியது.

"தள்ளினதுக்கும் பிடிச்சதுக்கும் நடுவுல ஒரு மூச்சு இல்ல அண்ணே. விரல எடுக்காம அமுக்கிட்டே நின்னேன். ரெண்டும் படத்துல விழுந்திருக்கு."

பேசியிருந்தபடி ஜெஸ்மி எல்லாப் படங்களையும் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கிருஷ்ணமணியிடம் கொடுத்தாள். அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

4

சகாயசெல்வியின் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலேயே ஃபிளெக்ஸ் ஏறியது. "விழும் முன் தாங்கும் கை." குழந்தைகள் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

"ஏட்டி, நீ எம்.எல்.ஏ.க்க கூட நிக்கே!" என்றார்கள் பக்கத்து வீட்டார். தள்ளினார் என்றாள். யாரும் பார்க்கவில்லையாம். அவள் கணவர் மரியானும் பார்க்கவில்லையாம். "நான் கூட்டத்துக்குப் பின்னாலல்லா நின்னேன். அவரு பிடிக்கல்லன்னா நீ குழியில கெடப்பே" என்றார்.

(இங்கே அவள் மனநிலையை ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. எடுத்துவிட்டேன். அவள் ஜெஸ்மியிடம் சொன்ன ஒரு வரி போதும்: "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்க தோளுமேலயே எனக்கு நம்பிக்கை இல்லாம ஆயிட்டு.")

விசாரித்து, பஸ் மாறிக் குலசேகரம் வந்துவிட்டாள்.

"மக்கா, நீதானே படம் எடுத்த பிள்ள? அதுக்கு முந்தின படம் உண்டுமா?"

அன்று காலையில்தான் கிருஷ்ணமணி போனில் கேட்டிருந்தார்: "மத்ததெல்லாம் அழிச்சாச்சில்லா?" ஆச்சு சார் என்று ஜெஸ்மி சொல்லியிருந்தாள். அழிக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். தோளில் கை. உள்ளங்கை முழுவதும் பதிந்து, விரல்கள் விரிந்து. சந்தேகமே இல்லை.

"அப்போ எனக்குக் கிறுக்கு இல்ல" என்றாள் சகாயசெல்வி. முகம் தெளிந்தது. படத்தை நெருங்கிப் பார்த்தாள். பிறகு அவள் விரல் திரையின் ஓரத்தில் போய் நின்றது.

கோலப்பனின் முழங்கைக்குப் பின்னால் மரியான். கூட்டத்துக்குப் பின்னால் இல்லை. கைநீட்டினால் தொடும் தூரத்தில். எம்.எல்.ஏ.வைப் பார்த்துக் கும்பிட்ட கைகள் இன்னும் இறங்கவில்லை. கண்கள் மட்டும் அவள் தோளில், அந்தக் கையின்மேல்.

என்ன சொல்வதென்று தெரியாமல் ஜெஸ்மி சொன்னாள்: "அக்கா, இந்த ஓரத்த வெட்டி எடுத்திரலாம். ஒண்ணும் தெரியாது."

"வெட்டாண்டாம் மக்கா. அவரு அங்கனதான் நின்னாரு. நிக்கட்டு."

அந்த அச்சுதான் தக்கலையில் கவிழ்ந்து கிடந்தது.

5

முதல் பிரதியில் மரியானைக் கோழை என்று எழுதியிருந்தேன். வாசித்த ஜெஸ்மிக்குக் கோபம்.

"புது வீட்டுக்குக் குடுத்த மனு எம்.எல்.ஏ.க்க கையில இருக்கு. கைய எறக்கினா வீடு போயிரும்னு நெனச்சிருப்பாரு. நீங்க ஒரு சொல்லுல முடிச்சிட்டிய."

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை. மரியான் ஒரு ———. இப்படியே இருக்கட்டும்.

முடிவுகளும் அப்படித்தான். எதிர்க்கட்சியிடம் படம் போகிறது, அவர்கள் அதைவிடப் பெரிய ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். இது நடக்கக்கூடியது, ஆனால் அதற்குள் சகாயசெல்வி இல்லை. மரியான் படத்தைப் பார்க்கிறார், எழுந்து போய்த் தன் கையாலேயே ஃபிளெக்ஸைக் கிழிக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிடித்திருப்பதாலேயே சந்தேகம், எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேனோ? அவளே படத்தைக் கடலில் — சீ.

உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஜெஸ்மியின் வண்டியில் ஏறி சகாயசெல்வியிடமே நேரில் கேட்கப் போனேன்.

6

வீட்டின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்றில் அது அடித்துக்கொண்டே இருந்தது. மரியான் நாற்காலி எடுத்துப் போட்டார், "இரியுங்க சாரே" என்றார். வெளியே போய் மீன்பிடி வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கினார். நல்ல மனிதராகத் தெரிந்தார். அது எனக்கு உதவவில்லை.

சகாயசெல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எழுதுங்க. எனக்க பேரும் போடுங்க. அந்த ஆளு தள்ளினதப் போடுங்க. எனக்க மாப்பிள நின்ன எடத்தையும் போடுங்க. நான் அந்தப் படத்த என்ன செய்தேன்னு மட்டும் எழுதாண்டாம்."

"ஏன்?"

"அத அவரு புத்தகத்துல வாசிச்சு அறியாண்டாம். எங்கிட்ட கேக்கட்டு."

"இதுவரைக்கும் கேக்கல்லியா?"

இல்லையென்று தலையசைத்தாள். பிறகு, என்ன செய்தாள் என்று எனக்குச் சொன்னாள். நான் யோசித்த முடிவுகளில் அது இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் எழுந்து வெளியே வந்தபோது மரியானும் எழுந்தார். கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். என்னிடம் கேட்டுவிடுவாரோ என்று பயந்து வண்டியில் ஏறிக்கொண்டேன். ஜெஸ்மி கிளப்பினாள். திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டுக்குள் போகத் திரும்பியிருந்தார்.

அவளிடம் கேட்டார் என்று எழுதி அடித்தேன். கேட்கவில்லை என்று எழுதி அதையும் அடித்தேன். நான் எழுதினால் இரண்டுமே பொய்போலத் தெரிகிறது. நீங்கள் எழுதிப் பாருங்கள். அவசரப்படுத்த வேண்டாம். அவர் இன்னும் வாசல்படியில்தான் நிற்கிறார்.