கல் கட்டிய புடலங்காய்கள்

கலாஜினியைப் பிடித்துக்கொண்டு போன பதினோராம் நாள், அவளது தாய் வசந்தாதேவியின் பந்தலில் கிடந்த புடலங்காய்கள் தொங்குவதை விட்டுவிட்டு மேற்கே நீட்டிக்கொண்டு நின்றன. மொத்தம் இருபத்திமூன்று காய்கள். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த அந்த வளவில் அதற்கு முன்பும் எதுவும் ஒழுங்காக விளைந்ததில்லை என்பதால், அக்கம்பக்கத்தார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் கடல் வந்து அவளது புருஷன் வீரகத்தியையும் சமையலறையையும் எடுத்துக்கொண்டு, உப்பை வைத்துவிட்டுப் போயிருந்தது. கத்தரி பூத்த கையோடு கருகியது. மரவள்ளி விளைந்தது, ஆனால் அவிக்கும்போது உப்புப் போடத் தேவையிருக்கவில்லை. தென்னைகள் குரும்பைகளை உதிர்த்துவிட்டுச் சும்மா நின்றன. விட்டுவிட்டுப் போகலாமே என்று பலரும் கேட்டார்கள். இந்தப் பகுதியில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தான். கலாஜினிக்குச் சீதனமாகப் போகவேண்டிய மண் அது. செத்த மண்ணை மகளுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது? வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவினாள். கடைசியில் புடலை மட்டும் மனமிரங்கியது. அது காய்த்த மாதத்தில்தான், ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பதினேழு வயதுப் பிள்ளையை ஆயுதம் வைத்திருந்த இயக்கத்துக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை.

காய்கள் காட்டிய திசையில் அவள் தோணி ஏறி வாவியைக் கடந்தாள். பழுகாமத்துக்கு அப்பால் ஒரு முகாம் வாசலில் ஐந்து நிமிடம் மகளைக் காட்டினார்கள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். "வளவைப் பாத்துக்கொள்ளுங்கம்மா" என்று மட்டும் சொன்னது பிள்ளை. அடுத்த பங்குனியில் காய்கள் எல்லாம் ஒருசேர வடக்கே திரும்பின. இயக்கம் பின்வாங்கி, பிடித்த பிள்ளைகளையும் வன்னிக்குக் கொண்டுபோய்விட்டது என்று ஊர் அறிய மேலும் பத்து நாள் எடுத்தது. அதன்பின் இரண்டு வருடம், ஒரு கொடி வாடுமுன் அடுத்த கொடியைப் பந்தலில் ஏற்றி, காலையில் சாமிப்படத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் காயைப் பார்த்தாள். வடக்கே நீட்டினால் பிள்ளை இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் வீடுவீடாக ஆட்களைப் படம் எடுத்துப் பதியும் ஆமிக்காரர் அடுத்த ஒழுங்கைக்கு வந்தார்கள். பக்கத்து வளவுக் கனகசிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "புள்ள, உனக்கு வன்னியில ஆள் இருக்கெண்டு காயே விரல் நீட்டிக் காட்டுது. கல்லைக் கட்டு" என்றார். புடலங்காய் வளையாமலிருக்க நுனியில் கல் கட்டுவது எல்லாரும் செய்கிற வேலை, எவரும் சந்தேகப்படமாட்டார்கள். ஒரு கல்லுக்குக் காய்கள் மசியவில்லை. மூன்று மூன்றாகக் கட்டியபின் பணிந்தன. ஆமிக்காரர் வந்து படம் எடுத்து, இரண்டு காய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அவள் கல்லை அவிழ்க்கவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. சந்தியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். வசந்தாதேவி ஓடிப்போய்க் கயிறுகளை எல்லாம் அறுத்தாள். காய்கள் தொங்கின. மத்தியானம்வரை நின்று பார்த்தாள். அப்போதும் தொங்கின. பிள்ளை போய்விட்டதால் தொங்குகின்றனவா, ஒரு மாதம் கல் சுமந்த பழக்கத்தில் தொங்குகின்றனவா என்று சொல்லத் தெரிந்தவர் ஊரில் இல்லை. அன்று அவள் அழுத அழுகை வாவிக்கரைவரை கேட்டது. கனகசிங்கம் ஒரு கிழமை வேலிப் பக்கம் தலை காட்டவில்லை. பாவம், அவரும் நல்லதை நினைத்துத்தான் சொன்னார்.

சண்டையில் தப்பியவர்களை வைத்திருந்த முகாம் முகாமாகப் போய்த் தேடினாள். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. புதுக்கொடி பிஞ்சு பிடித்தால் உண்மை தெரிந்துவிடும் என்று ஊர் காத்திருந்தது. பூ வாடுமுன்பே, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அவள் ஒவ்வொரு பிஞ்சிலும் கல்லைக் கட்டினாள். அதற்கடுத்த போகத்திலும் கட்டினாள்.

மரக்கறி வாங்க ஏறாவூரிலிருந்து வரும் கச்சி முகம்மதுவை அவள் அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடுவாள். அவர் இப்படி நேரான காயை வேறெங்கும் கண்டதில்லை என்பார். ஒருநாள் மனம் கேளாமல், "ஒண்டயாவது கட்டாம விட்டுப் பாருங்களன் தங்கச்சி" என்றார்.

"கட்டிக் கிடந்தா எனக்குப் புள்ள இருக்கு காக்கா."

அவர் பந்தல் ஓரத்தில் புதிதாக ஒரு பிஞ்சு இறங்கியிருப்பதைக் கண்டார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, குனிந்து தேடி, நல்ல பாரமான கல்லாக ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார்.