சுருட்டுப் பெட்டிக்குள் இரண்டு சாட்சி

சுருட்டு வைக்கப் புதுப் பெட்டி செய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்ன அன்றே சுருட்டுக்காரருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கேட்டு வாங்குகிறவனோடு அந்தக் கதை முடிந்துவிடும். கேட்காதவன் நாளைக்கு எதைக் கேட்பான் என்று யார் கண்டது?

மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் மெக்கானிக். மகளைக் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுவே சுருட்டுக்காரருக்குப் பெரிய குறை.

பெட்டி செய்ய வேண்டி வந்தது கேப்டனால். கேப்டன் கப்பலில் போகிறவர். ஐந்து மாதம் கடல், ஒரு மாதம் கரை. கிளம்பும்போது தன் சுருட்டுகளைச் சுருட்டுக்காரரிடம் விட்டுப் போவார். அவருடைய அண்ணன் சாவதற்கு முன் வாங்கி வைத்தவை. கேப்டன் கரைக்கு வந்தால் ஒன்று பிடிப்பார், அவ்வளவுதான். இப்போது மீதி நாற்பது. காசை மூட்டையாகக் கொட்டினாலும் இன்னொரு நாற்பது கிடைக்காது.

பழைய மரப்பெட்டியில் அவை இத்தனை வருஷம் நன்றாகத்தான் இருந்தன. கடையை வீட்டு மாடிக்கு மாற்றியதும் வந்தது வினை. சாயங்கால வெயிலில் மேற்குச் சுவர் அடுப்பாகிவிடும். காய்ந்தால் சுருட்டு சருகாக நொறுங்கும். ஈரம் மிஞ்சினால் ஊதி வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். கத்திமேல் நடக்கிற பிழைப்பு.

யாரோ தூக்கிப் போட்ட சின்னக் கண்ணாடிக்கதவு ஃபிரிட்ஜை மாப்பிள்ளை தோளில் சுமந்து மாடியேறினார். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு, கரண்ட் பாய்ந்தால் சில்லிடுகிற ஒரு குளிர்த்தட்டைப் பொருத்தினார். உள்ளே தேவதாருப் பலகை அடித்து மூன்று தட்டு வைத்தார். மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர், அதன்மேல் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய காத்தாடி. நடுத்தட்டில் பட்டாணி அளவு ஒரு சில்லு.

"இதுதான் மூக்கு மாமா. ஈரம் நூத்துக்கு அறுபத்தெட்டுக்குக் கீழ போச்சுன்னா மோந்து சொல்லிடும். காத்தாடி தானா சுத்தும். சூடு இருபதைத் தாண்டுனா தட்டு குளிரும். எல்லாம் வெளிய இந்தத் திரையில தெரியும்."

"கிண்ணத்துல என்ன தண்ணி?"

"பேட்டரிக்கு ஊத்துறது."

"ஆசிட்டா!"

"அது வேற மாமா. இது காய்ச்சி வடிச்ச தண்ணி. உப்பு, பாசி ஒண்ணும் இருக்காது."

"குடிச்சுக் காட்டுங்க."

மாப்பிள்ளை ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். சுருட்டுக்காரர் மறுநாள் காலைவரை காத்திருந்து, மாப்பிள்ளை உயிரோடு வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் சுருட்டுகளை உள்ளே அடுக்கினார். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

அப்படியும் மனசு அடங்கவில்லை. திரையை மாட்டியவனும் மாப்பிள்ளை, அதில் எண்ணைக் காட்டுகிறவனும் மாப்பிள்ளை. திருடனையே காவலுக்கு வைத்து அவனையே சாட்சியும் கேட்பதா? பழைய மரப்பெட்டியின் மூடியில் ஈரம் காட்டுகிற ஒரு முள்மானி இருந்தது. பித்தளை வளையம், மஞ்சள் ஏறிய கண்ணாடி. அதைத் தோண்டி எடுத்துத் துடைத்துப் புதுப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தார்.

முள் ஐம்பத்தொன்பதில் நின்றது. திரை அறுபத்தெட்டு என்றது.

"அகப்பட்டான்" என்றார் தனக்குத்தானே.

ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் அந்த முள் எங்கே நிற்கிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கட்டைவிரலால் சுருட்டை ஒரு அழுத்து அழுத்துவார். தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று விரலுக்குத் தெரியும். அறுபத்தெட்டு என்ற எண்ணே மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததுதான். ஆளை நம்பாதவர் ஆள் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையிடம் கேட்டால் மழுப்புவான். அதனால் முள்ளை அறுபத்தெட்டுக்கு ஏற்ற வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்துவந்து, நனைத்துப் பிழிந்து, கீழ்த்தட்டுக்கு அடியில் செருகினார். மூன்றாம் நாள் முள் அறுபத்தொன்பதுக்கு வந்தது. திரை எழுபத்தெட்டு என்று அலறியது. அலறட்டும். பொய் சொல்கிற வாய் பெரிதாகத்தான் கத்தும்.

வாரக் கடைசியில் மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கிண்ணத்துத் தண்ணி குறையவே இல்ல. ஆனா எழுபத்தெட்டு! எங்கேருந்து வருது ஈரம்? கதவத் தொறந்து தொறந்து மூடுறீங்களா மாமா?"

"என் பெட்டிய நான் தொறக்க உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா? உங்க மூக்குக்குச் சளி பிடிச்சிருக்கும். என் முள்ளப் பாருங்க."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் முள்மானி கண்ணில் பட்டது. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுருட்டுக்காரருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சரி, ரெண்டையும் சோதிப்போம். ஒரு பாட்டில் மூடியில உப்பைப் போட்டு, சேறு மாதிரி நனைச்சு, ஒரு கண்ணாடி ஜாடிக்குள்ள ரெண்டையும் சேர்த்து அடைச்சிடுவோம். நனைஞ்ச உப்பு பக்கத்துல காத்தோட ஈரம் எப்பவும் எழுபத்தஞ்சுலதான் நிக்கும். எவன் எழுபத்தஞ்சு சொல்றானோ அவன் யோக்கியன்."

"உப்பு யாரோடது?"

"உங்க வீட்டு உப்புதான்."

"ஜாடி?"

"அதுவும் உங்களுதே மாமா!"

உப்பை மனைவியிடம் கேட்டுச் சுருட்டுக்காரரே வாங்கி வந்தார். மாப்பிள்ளை சில்லைக் கழற்றித் திரையோடும் முள்மானியோடும் சேர்த்து ஜாடிக்குள் வைத்தார். சுருட்டுக்காரர் மூடியை இறுக்கி, கருப்பு நூலால் ஏழு சுற்றுச் சுற்றி, தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டார். காலையிலிருந்து மாலைவரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பிடப் போனபோது ஜாடியும் கூடவே போனது.

"அதுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?" என்றாள் மனைவி.

விளக்குப் போடும் நேரத்துக்குத் திரை எழுபத்தைந்தில் நின்றது. முள் அறுபத்தாறில் நின்றது. ஜாடியைத் தட்டினார், குலுக்கினார். முள் அசையவில்லை. நூலைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். பல நாளுக்குப் பிறகு கட்டைவிரலை வைத்து ஒரு சுருட்டை அழுத்தினார். ஊறிப்போன துணி மாதிரி அமுங்கியது. இரண்டு வெடித்திருந்தன. கீழ்த்தட்டில் இருந்ததை மோந்து பார்த்தார். புகையிலையோடு எலுமிச்சை சோப்பு வாசனை. பலகைக்கு அடியில் கைவிட்டு ஸ்பாஞ்சை இழுத்து மேஜைமேல் போட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் போட்டார்.

மாடியேறி வந்த மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள். "அட பாவி மனுஷா! பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை ஒரு வாரமா தேடுறேன். எலி தூக்கிட்டுப் போச்சுன்னு எலிப்பொறி வேற வச்சேன்!"

மாப்பிள்ளை சில்லைத் திரும்பப் பொருத்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துப் படியில் பூட்ஸ் சத்தம். கேப்டன். செவ்வாய்க்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். கப்பல் இரண்டு நாள் முந்திவிட்டது.

நேரே பெட்டிக்கு வந்தார். ஒன்றை எடுத்து உருட்டினார், மோந்தார். முகம் சுருங்கியது. மாப்பிள்ளையின் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரையும் தொங்கும் ஒயரையும் பார்த்தார்.

"என்னய்யா இது, புதுசா மெஷினா? மெஷினை வச்சு எங்க அண்ணன் சுருட்டைக் கெடுத்துட்டீங்களா?"

சுருட்டுக்காரரின் வாய்வரை வந்தது. ஆமாம் என்ற ஒரே சொல். மாப்பிள்ளை மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை. பழி போய்விடும், கேப்டன் மிஞ்சுவார், கடை பேர் மிஞ்சும். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். மாமனார் என்ன சொல்வார் என்று அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும்.

"மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு கேப்டன். நான் நம்பல. ஸ்பாஞ்சைத் திணிச்சது நான். ரெண்டு வெடிச்சிருச்சு. கீழ இருக்கிற எட்டுல சோப்பு வாசன. மத்தது மூணு வாரம் மெதுவாக் காஞ்சாப் பொழைச்சுக்கும். இப்பத் தர மாட்டேன். நம்பிக்கை இல்லன்னா எடுத்துட்டுப் போங்க."

கேப்டன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெடித்த ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணு வாரம் கழிச்சு வரேன்" என்றார் கடைசியில். "அந்த எட்டையும் நீங்களே பிடிங்க. வாயாவது சுத்தமாகும்."

பூட்ஸ் சத்தம் தெருவில் இறங்கிய பிறகு சுருட்டுக்காரர் இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.

"நீங்க வச்சுக்குங்க மாப்பிள்ளை. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

மாப்பிள்ளை சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் மாமனாரின் குரல் எட்டிப் பிடித்தது.

"அந்த எட்டோட சேத்து முப்பத்தெட்டு இருக்கு. எண்ணி வச்சிருக்கேன்!"