பவுடர் போட்ட கை

தனகோடிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். மரத்துப்போனது என்னவோ அவருடைய இடது கையும் காலும்தான். ஆனால் அவர் மனைவி லோகநாயகி முழுசாகவே மரத்துப்போயிருந்தாள். எழுப்புவாள், குளிப்பாட்டுவாள், நடந்தால் பின்னாலேயே போவாள். அழுகையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. எப்படி இருக்கே என்று யாராவது கேட்டால், "கீறேன்" என்பாள். அதோடு சரி.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் அவளுக்கு வேலை. வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பகலில் தனகோடியைத் தனியாக வீட்டில் விடலாமா, கூடாதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இருவரும் பொத்தேரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள்.

பிசியோதெரபி அறையில் காயத்ரி என்ற ஆராய்ச்சி மாணவி, தனகோடியின் வலது கை விரல்கள் இரண்டில் பட்டை மாட்டினாள். "நடக்கக் கஷ்டமா இருந்தா உடம்பு பதறும், கை லேசா வேர்க்கும். அப்போ இந்தக் கோடு ஏறும்," என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

முதலில் சமதரையில் நடந்தார். பிறகு மெத்தைமேல். பிறகு மூன்று படி. ஒவ்வொன்றுக்கும் காயத்ரி, "கஷ்டமா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டாள்.

"ஜுஜுபி," என்றார் தனகோடி, பல்லைக் கடித்துக்கொண்டு. கோடு அசையவே இல்லை.

"சூப்பர் ஐயா! பதற்றமே இல்ல. அம்மா தாராளமா வேலைக்குப் போகலாம்."

லோகநாயகிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பாத்ரூம்வரை போவதற்குள் அந்தக் கை வேர்த்துக் கைத்தடி வழுக்கும். அதனால் தினமும் அவள்தான் பவுடர் போட்டுவிடுவாள். இன்று காலையில், "இன்னும் கொஞ்சம் போடு," என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஐயா மைனர் மாதிரி கிளம்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை போகாது. ஆனால் அவர் பாத்ரூம் வாசலில் விழுந்தால் சாயங்காலம்வரை யாருக்கும் தெரியாது.

"பாப்பா, அவரு கையில பவுடர் கீது," என்றாள்.

காயத்ரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நானும் துடைக்காம மாட்டிட்டேன், என் தப்புதான். ஆனா போன வாரமே ஐயாகிட்ட சொன்னேனேம்மா, கையில எதுவும் தடவாம வரணும்னு."

போன வாரம் லோகநாயகி சீட்டு வாங்கக் கவுன்டரில் நின்றிருந்தாள். இவரிடம்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரிஞ்சேதான் போடச் சொன்னியா?"

"உன் வேலைய நீ பாரு," என்றார் தனகோடி.

"இன்னாயா, கேட்டா எகிறுற?"

"அதான் சொல்றேன். திங்கக்கெழம போயி உன் வேலைய பாரு. எனக்கோசரம் அதையும் வுட்டுட்டு நிக்காத. நான் வுழுந்தா எந்திரிச்சுக்கிறேன்."

கையைக் கழுவித் துடைத்து மறுபடி பட்டையை மாட்டினார்கள். நடப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காரச் சொன்னாள் காயத்ரி. கோடு அமைதியாக ஓடியது. அவள் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "அம்மா வேலைக்குப் போயிட்டா பகல்ல ஐயாகூட யார் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல," என்றாள் லோகநாயகி.

கோடு விறுவிறுவென்று ஏறியது. காயத்ரி படிவத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவர் காலை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

லோகநாயகிக்குக் கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் கோபம். அது வந்ததும் பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

"இவ்ளோ பயத்த வெச்சிகினு என்னைப் போவச் சொல்றியா நீ? திங்கக்கெழம நான் போவல. எங்கியும் போவல."

"பைத்தியமா உனக்கு? போய்த்தான் ஆவணும்," என்று அதட்டினார் தனகோடி.

திரையில் கோடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.