பரு மாத்திரையும் ஆடி மாதமும்

எங்கள் பீளமேட்டுத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட தெருவில், மகள் மோகனப்பிரியாவின் பரு வைத்தியத்தை ரகசியம் என்று நஞ்சம்மாள் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

சாதாரணப் பரு இல்லை. கன்னமும் தாடையும் கட்டி கட்டியாகப் புடைத்து, சீழ் வைத்து, உடைந்த இடமெல்லாம் குழி விழுந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கடலைமாவு, சந்தனம், புற்றுமண் எல்லாம் பூசிப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றேழில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் மகளைக் கூட்டிப்போனாள் நஞ்சம்மாள். அங்கே டோக்கன் கொடுக்கும் கோமளா எங்கள் தெருப் பெண். உள்ளே நடந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். அதையும் எல்லாம் முடிந்த பிறகே சொன்னாள். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தது எங்கள் தெருவில் ஒரு சாதனை.

"இது வீரியமான மாத்திரை. பருவுக்கு நல்லாக் கேட்கும். ஆனா கர்ப்பம்..." என்று டாக்டரம்மா ஆரம்பித்ததுதான் தாமதம், நஞ்சம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

"அம்மணி, நீ வெளிய போயி செருப்புகிட்ட உக்காரு."

"சாப்பிடப் போறது அவங்கதானே? அவங்க கேட்கட்டும்."

"கண்ணாலமாகாத புள்ளைங்க டாக்டர். இதெல்லாம் காதுல உழுகலாமுங்களா? எங்கட்டச் சொல்லுங்க, நாம் பாத்துக்கறனுங்."

மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் முடியும் வரையிலும் கரு உண்டாகவே கூடாது, குழந்தை பெரிய ஊனத்தோடு பிறக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மகளிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார். நஞ்சம்மாள் நன்றாகத் தலையாட்டினாள். அதற்கப்புறம் மாத்திரை வாங்கப் பெரும்பாலும் தானே தனியாகப் போய்வந்தாள்.

பிரியா நெய்த் தோசையோடு மாத்திரையை விழுங்கினாள். முதலில் பரு இன்னும் சீறியது. பிறகு உதடு தோல் தோலாக உரிந்தது. தெருவில் நிறுத்திக் கேட்டோம்.

"என்ன கண்ணு, உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது?"

"பனிங்க்கா."

"சித்திரை வெயில்லயா பனி?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஆனால் முகம் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மதன்குமார் வந்து பார்த்தான். காபி ஆறுவதற்குள் சரி என்றான்.

தையில் கல்யாணம் என்றுதான் பேச்சு. மாப்பிள்ளைக்கு ஆவணிக்குமேல் குருபலன் இல்லையென்று அவன் அம்மா ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு இழுத்துவிட்டாள். மாத்திரையை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மணவறையில் வீடியோக்காரன் லைட் அடிக்கும்போது ஒரு பரு கிளம்பிவிட்டால்? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரை நஞ்சம்மாள் மகளுக்கு மாத்திரை கொடுத்தாள்.

அதற்கும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. சாந்தி முகூர்த்தத்துக்கு ஆவணியில்தான் நல்ல நாள் என்று ஜோசியரைச் சொல்லவைத்தாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி மகளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். டாக்டர் கேட்ட ஒரு மாதம் தானாகக் கழிந்துவிடும். மகளிடம் கூச்சமான பேச்சு எதுவும் பேச வேண்டியதில்லை. ஆடி மாதத்தையே காவலுக்கு நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு அந்தக் காவல் தெரியுமா? தேங்காய் கொண்டுவந்தேன், வெல்லம் கொண்டுவந்தேன் என்று பைக்கில் வந்து நிற்பான். நஞ்சம்மாள் இருவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்: "ஏனுங்க்கா, தாலி கட்டுன மாப்பிள்ளைதானுங்களே? என்னமோ அவரு திருட வந்தவராட்டம் காவல் காக்கறீங்க?" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நஞ்சம்மாள் சிரிக்கவில்லை.

ஆடி முடியுமுன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருதமலைக்குப் போய்வருகிறோம் என்று கிளம்பிய இருவரும் மறுநாள் ஊட்டி வர்க்கியோடு வந்து இறங்கினார்கள்.

"பைக் பஞ்சராயிருச்சுங்க அத்தை."

"மருதமலைக்கும் ஊட்டிக்கும் ஒரே ரோடுங்களா மாப்பிள்ளை?"

அவன் தலையைச் சொறிந்தான். பிரியாவின் கன்னம் சிவந்திருந்தது, பரு இல்லாமலே. நஞ்சம்மாள் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

ஆவணியில் பிரியாவுக்கு வாந்தி. ஆனைமலையிலிருந்து சம்பந்தியம்மாள் கூடை கூடையாகப் பழம் அனுப்பினாள். நஞ்சம்மாள் மகளை டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு ஓடினாள்.

"கடைசி மாத்திரை எப்போ சாப்பிட்டீங்க?"

பிரியா சொன்னாள்.

டாக்டரம்மா காலண்டரைப் புரட்டி நாளை எண்ணினார். "உங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியாம்மா? உங்கம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேனே."

பிரியா அழவில்லை என்றாள் கோமளா. திரும்பித் தாயைப் பார்த்தாளாம்.

"நீ வெளிய போம்மா."

"ஏங்கண்ணு, நாம் பெத்தவ, நானு..."

"எனக்குத்தான் கண்ணாலமாயிருச்சில்ல. இனி நானே கேட்டுக்கறேன். நீ போயி செருப்புகிட்ட உக்காரு."

நஞ்சம்மாள் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியது கோமளாதான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல, முடிவைப் பிரியாவே எடுத்தாள். வேறொரு ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்தார்கள். ஆனைமலையில் யாருக்கும் உண்மை தெரியாது. 'டவுன் புள்ளைக்கு உடம்புல சத்தில்லை, கரு தங்கலை' என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுத்துப் பேச பிரியாவால் முடியுமா? பேசினால் மாத்திரைக் கதை வெளியே வரும்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியெல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். பிரியா வரவில்லை. நஞ்சம்மாள் தட்டில் முறுக்கோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"எங்கீங்க புள்ளையக் காணோம்?"

"தோப்புல தேங்காய் வெட்டு நடக்குதுங்க. வேலை சாஸ்தி." முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "மொகம் மட்டும் இன்னும் அப்பிடியே பளபளன்னு இருக்குதாமுங்க. பாத்தவங்க சொன்னாங்க."